வலி மாத்திரையும் சிறுநீரகமும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

முன்னுரை

தலை வலித்தால் ஒரு மாத்திரை, காய்ச்சல் அடித்தால் ஒரு மாத்திரை, முழங்கால் வலித்தால் ஒரு மாத்திரை என்று நாம் வாழப் பழகிவிட்டோம். மருந்துக் கடைக்குப் போய், "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் போதும். வெவ்வேறு நிறத்தில் மூன்று நான்கு மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டித் தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அவற்றின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் விரும்புவதும் இல்லை. வலி நின்றால் சரி.

அந்த மாத்திரை வயிற்றில் கரைந்து, குருதியில் கலந்து, வலியைத் தணித்த பிறகு எங்கே போகிறது? எந்த வழியாக வெளியேறுகிறது? இக்கேள்வியை மூன்று ஆண்டுகளாக விலங்கியல் படிக்கும் நான் வகுப்பறையில் கேட்டதில்லை. சென்ற சித்திரையில் என் அத்தை மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதுதான் கேட்டேன். அன்று தொடங்கித் தேடிப் படித்தவற்றையும், பேராசிரியர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துள்ளேன்.

அத்தையின் சுருக்குப்பை

அத்தைக்கு வயது ஐம்பத்தெட்டு. களை எடுப்பு, நடவு, கடலை பறிப்பு என்று நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து உழைப்பவர். இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலி. வேலைக்குப் போகும் நாளெல்லாம் கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் போவார். இரத்தக் கொதிப்புக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் இரண்டும் தனியே உண்டு. அவற்றுள் ஒன்று சிறுநீரை மிகுதியாகப் பிரியச் செய்வது.

சித்திரை வெயிலில் அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஆனால் மாத்திரைகளை மட்டும் ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது, முகம் வீங்கியது. மருத்துவமனையில் குருதியைச் சோதித்தபோது, ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டிய கிரியேட்டினின் 4-ஐத் தாண்டியிருந்தது.

"என்னென்ன மாத்திரை போடுறீங்க?" என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. அத்தை சுருக்குப்பையை அவிழ்த்துத் தாள் பொட்டலத்தை நீட்டினார். பெயரில்லாத, வெட்டிய அட்டைத் துண்டுகள். மருத்துவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தனித்தனியா மூணும் நல்ல மாத்திரைதாம்மா. மூணும் சேர்ந்த நேரந்தான் சரியில்லை" என்றார். அந்த ஒரு சொல்லை விளங்கிக்கொள்ள முயன்றதன் பயனே இக்கட்டுரை.

சிறுநீரகத்தின் அமைப்பும் பணியும்

நம் முதுகெலும்பின் இரு புறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அவரை விதை வடிவில் அமைந்த இரண்டு உறுப்புகளே சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் உடையது. இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் அரை விழுக்காடு அளவே வரும். எனினும் இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றிற்கே செல்கிறது. உடலில் நுழையும் எந்த மருந்தும் இவ்வுறுப்பைத் தொடாமல் போக முடியாது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பகுதியில் நுண்ணிய குருதிக் குழாய்கள் பந்துபோல் சுருண்டு கிடக்கின்றன. இதுவே குளோமெருலஸ். இங்கே குருதி வடிகட்டப்படுகிறது. வடிந்த நீர் நீண்ட நுண்குழல் வழியே செல்லும்போது, உடலுக்கு வேண்டிய நீர், உப்பு, சர்க்கரை ஆகியவை திரும்ப உறிஞ்சப்படுகின்றன. எஞ்சியது சிறுநீராகிறது.

ஒரு நாளில் வடிகட்டப்படும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவே. இந்தக் கணக்கில்தான் இரண்டாவது காரணம் அடங்கியுள்ளது. நுண்குழலில் திரும்ப உறிஞ்சப்படாத ஒரு பொருள், நீர் குறையக் குறைய அடர்ந்துகொண்டே போகிறது. குருதியில் சிறு அளவில் இருந்த மருந்து, சிறுநீராக மாறும் இடத்தில் நூறு மடங்குக்கு மேலும் அடர்த்தி பெறக்கூடும். குருதியில் தீங்கில்லாதது அங்கே தீங்காகலாம்.

மூன்றாவது காரணம் சற்று அச்சம் தருவது. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. ஆனால் முற்றிலும் அழிந்த நெஃப்ரானுக்கு ஈடாகப் புதிய நெஃப்ரான் தோன்றுவதில்லை. மீதமுள்ளவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. இதனால் பாதித் திறன் குறையும்வரைகூட உடலில் எந்த அறிகுறியும் தோன்றாமல் இருக்கலாம். கிரியேட்டினின் அளவும் அதுவரை பெரிதாக உயர்வதில்லை. சிறுநீரகம் முனகாமல் சுமை தாங்கும் உறுப்பு. அதுவே அதன் சிறப்பு, அதுவே நமக்கு ஆபத்து.

வரத்து மடையும் போக்கு மடையும்

வலி மாத்திரை சிறுநீரகத்தை எவ்வாறு தாக்குகிறது என்பதை நம் ஊர் வயலைக்கொண்டு எளிதில் விளக்கலாம்.

ஒரு பாத்தியில் நீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்றால், நீர் வரும் மடையையும் நீர் போகும் மடையையும் பார்த்துப் பார்த்துத் திறந்து மூட வேண்டும். குளோமெருலஸும் அத்தகைய பாத்தியே. அதற்குள் குருதியைக் கொண்டுவரும் நுண்தமனி ஒன்று. வெளியே கொண்டுசெல்லும் நுண்தமனி மற்றொன்று. உள்ளே போதிய அழுத்தம் நின்றால்தான் குருதி வடியும்.

உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகம் இரண்டு உபாயங்களைக் கையாள்கிறது. புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வரத்து மடையை அகலத் திறக்கிறது. ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் போக்கு மடையைச் சுருக்குகிறது. இவ்வாறு, வரும் குருதி குறைந்தாலும் உள்ளே அழுத்தம் குறையாமல் காக்கப்படுகிறது.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் முதலிய வலி மருந்துகள் எல்லாம் உடலில் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்தே வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. இவ்வுண்மையை 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் வேன் கண்டறிந்தார். 1982ஆம் ஆண்டு அவருக்கும் சுவீடன் நாட்டு அறிஞர்கள் பெர்க்ஸ்ட்ரம், சாமுவெல்சன் ஆகிய இருவருக்கும் புராஸ்டாகிளாண்டின் ஆய்வுக்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. முழங்காலில் வலியைத் தோற்றுவிக்கும் அதே வகைப் பொருளே சிறுநீரகத்தில் காவல் வேலை பார்க்கிறது. மாத்திரைக்கு முழங்கால் எது, சிறுநீரகம் எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டு இடத்திலும் அதைத் தடுத்துவிடுகிறது.

இனி அத்தையின் மூன்று மாத்திரைகளைப் பார்ப்போம். வலி மாத்திரை வரத்து மடையைச் சுருக்கியது. இரத்தக் கொதிப்பு மாத்திரை, ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. அது போக்கு மடையைத் திறந்துவிட்டது. சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வாய்க்காலில் வரும் நீரையே வற்றச் செய்தன. பாத்தியில் நீர் எப்படி நிற்கும்? வடிகட்டுதல் நின்றது.

நல்ல உடல்நலமும் போதிய நீரும் உள்ள ஓர் இளைஞர் இரண்டு நாள் வலி மாத்திரை போட்டுக்கொள்வதால் சிறுநீரகம் கெடுவது அரிது. ஏனெனில் அப்போது இந்தக் காவல் ஏற்பாடு பெரிதும் தேவைப்படுவதில்லை. முதியோர், நீரிழிவு நோயாளர், இதயம் அல்லது கல்லீரல் பழுதுற்றோர், முன்பே சிறுநீரக நோய் உள்ளோர், வாந்தி பேதியால் நீர் வற்றியோர் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி. வெயிலில் உழைத்து வியர்வை சிந்துவோரையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும்.

ஃபெனாசெட்டின் கற்பித்த பாடம்

மேலே கூறியது சில நாட்களில் நிகழ்வது. பல ஆண்டுகள் மெல்ல மெல்ல நிகழும் கேடும் உண்டு. அதற்கு வரலாற்றில் பெருஞ்சான்றாக நிற்பது ஃபெனாசெட்டின் என்னும் மருந்தின் கதை.

1887ஆம் ஆண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, காய்ச்சலையும் வலியையும் நன்றாகக் குறைத்தது. எனவே உலகெங்கும் பரவியது. 1918ஆம் ஆண்டு விஷக் காய்ச்சல் உலகை உலுக்கியபோது, சுவீடன் நாட்டின் ஹஸ்க்வார்னா என்னும் தொழில் நகரில் மருத்துவர் ஒருவர் ஃபெனாசெட்டின், ஃபெனசோன், காஃபீன் ஆகிய மூன்றையும் கலந்த தூள் ஒன்றைத் தந்தார். காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. அங்குள்ள தொழிற்சாலைத் தொழிலாளர்கள் களைப்புத் தீரவும் வேலை ஓடவும் அதை நாள்தோறும் உட்கொள்ளலாயினர். பல்லாண்டுகளுக்குப் பின் அந்நகரில் சிறுநீரகம் செயலிழந்து இறப்போர் மிகுந்தனர். குர்ட் கிரிம்லுண்ட் என்னும் மருத்துவர் அத்தொழிலாளர்களை ஆராய்ந்து, தூளுக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை 1963ஆம் ஆண்டு வெளியிட்டார்.

அதற்கு முன்பே, 1953ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர்கள் ஸ்பூலர், ஸோலிங்கர் இருவரும் வலி மருந்துகளை நெடுநாள் உட்கொண்டவர்களின் சிறுநீரகங்களில் ஒரே விதமான பழுதைக் கண்டு எழுதியிருந்தனர். ஆஸ்திரேலியாவிலோ ஆஸ்பிரின், ஃபெனாசெட்டின், காஃபீன் மூன்றும் கலந்த தூள்கள் பெட்டிக் கடைச் சரக்காக விற்றன; குடும்பப் பெண்கள் பலர் தேநீரோடு அவற்றை உட்கொண்டனர். மெல்போர்ன் நகர மருத்துவ அறிஞர் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் அம்மையார் இதன் தீங்கை ஆய்வுகளால் நிறுவி, அரசு நடவடிக்கை எடுக்கும்வரை ஓயாது வாதாடினார். 1979ஆம் ஆண்டு அங்கே இத்தகைய கூட்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது தடுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவும் ஃபெனாசெட்டினை விலக்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கேடு நிகழ்ந்த இடம். சிறுநீரகத்தின் உட்பகுதிக்கு இயல்பாகவே குருதி ஓட்டம் குறைவு; மருந்து மிக அடர்ந்து நிற்பதும் அங்கேதான். நாள்தோறும் மருந்தில் ஊறிய அப்பகுதி சிறிது சிறிதாக மடிந்தது. இரண்டாவது, பழக்கம். தூளில் கலந்திருந்த காஃபீன் புத்துணர்ச்சி தந்தது. அது இறங்கியதும் தலைவலி தந்தது. தலைவலிக்கு மறுபடியும் தூள். நோய்க்காக மருந்து என்பது போய், மருந்துக்காக நோய் என்றாயிற்று. உழைக்கும் மக்களே இதில் மிகுதியும் சிக்கினர் என்பது நெஞ்சில் நிறுத்தத் தக்கது.

ஃபெனாசெட்டின் உடலில் பெரும்பாலும் பாராசிட்டமாலாக மாறியே வேலை செய்கிறது என்பது பின்னர்த் தெரியவந்தது. உரிய அளவில் எடுத்துக்கொண்டால் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு ஒப்புநோக்கில் பாதுகாப்பானது. அளவு மீறினால் அது கல்லீரலைத் தாக்கும் என்பதையும் மறக்கலாகாது.

கழுகுகள் சொன்ன செய்தி

விலங்கியல் மாணவர்கள் மறக்கக்கூடாத சான்று ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டுகளில் இந்தியத் துணைக்கண்டத்தில் பாறுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. தொற்றுநோயா, பூச்சிமருந்தா என்று அறிஞர்கள் தேடினர். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, அவற்றின் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. பறவைகள் தம் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் பழுதானால் அது உடலுக்குள்ளேயே படிந்துவிடும்.

2004ஆம் ஆண்டு லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். காரணம் டைக்ளோஃபெனாக். கால்நடைகளுக்கு வலிக்காகப் போடப்பட்ட இம்மருந்து, அவை இறந்தபின் இறைச்சியில் எஞ்சியிருந்தது. அதைத் தின்ற கழுகுகள் சில நாட்களில் சிறுநீரகம் செயலற்று மாண்டன. 2006ஆம் ஆண்டு இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய இரண்டும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. ஒரு காலத்தில் ஊர்ப் புறமெல்லாம் வட்டமிட்ட இப்பறவைகளை இன்று தமிழ்நாட்டில் காண வேண்டுமானால் நீலகிரியின் அடிவாரத்தில் உள்ள மாயாறு பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களுக்கே செல்ல வேண்டும்.

கழுகின் உடல் வேறு, மனித உடல் வேறு. கழுகைக் கொன்ற சிறு அளவு மனிதரைக் கொல்வதில்லை. எனினும் கோடிக்கணக்கானோர் கூசாமல் விழுங்கும் மருந்து ஒன்று ஓர் உயிரினத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியதும், அது தாக்கிய உறுப்பு சிறுநீரகமே என்பதும் நமக்கு எச்சரிக்கை ஆகாவோ?

வேறு வழிகள், வேறு மருந்துகள்

மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கும் வழி ஒன்றே ஒன்றன்று. சிலவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள் நுண்குழலின் சுவர்ச் செல்களுக்குள் புகுந்து தங்கி, அச்செல்களையே மடியச் செய்யலாம். கொடிய கிருமித் தொற்றுக்கு இவை உயிர்காக்கும் மருந்துகள். ஆகவே மருத்துவர்கள் குருதியைச் சோதித்துக்கொண்டே அளவறிந்து தருகின்றனர்.

சல்ஃபா மருந்துகள் சில, சிறுநீரில் கரையாமல் படிகங்களாகி நுண்குழலை அடைக்கக்கூடும். இம்மாத்திரைகளோடு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது வெறும் உபசாரம் அன்று.

பென்சிலின் வகை மருந்துகளும், வயிற்று எரிச்சலுக்கு இன்று பலரும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவையும் சிலருக்கு ஒவ்வாமையால் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்கலாம். இது அளவைப் பொறுத்தது அன்று, ஆளைப் பொறுத்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். அதனால்தான் தேவை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அவற்றைத் தொடர்வது தவறு.

"நாட்டு மருந்துதானே, பக்க விளைவு இல்லை" என்பாரும் உளர். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலியச் சீன மூலிகைகள் கலந்த மாத்திரைகளை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த வேறொரு மூலிகை கலந்துவிட்டதே காரணம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்வதோடு புற்றுநோயையும் தோற்றுவிப்பது. நம் ஊர் வரப்புகளில் வளரும் ஆடுதின்னாப்பாளையும், வேலியில் படரும் ஈசுவரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவையே. மரபு மருத்துவத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. தகுதியுள்ள மருத்துவரைக் கேளாமல், பேர் தெரியாத பொடியையும் சூரணத்தையும் உண்பது எந்த மருத்துவத்திலும் தவறே என்பதுதான் கருத்து.

மருந்து அன்றி, மருந்தில் கலந்த நஞ்சும் உண்டு. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான திரவத்தில் கரைத்து விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களில் பல குழந்தைகள், சிறுநீர் அற்று இறந்தனர். மறு ஆண்டே அங்கு மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால் பாடம் முடியவில்லை. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்தில் இருந்ததும் அதே நஞ்சு. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பதை எண்ணும்போது நாம் தலைகுனிய வேண்டியுள்ளது.

அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்

இவ்வளவையும் படித்துவிட்டு, "இனி மாத்திரையே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அது முன்னதைவிடப் பெருந்தவறு.

சிறுநீரகம் செயலிழப்பதற்கு உலகெங்கும் தலையாய காரணங்களாக இருப்பவை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே. "சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று ஊரில் சொல்லக் கேட்டு மருந்தை நிறுத்தியோர் பலர். கெடுப்பது மாத்திரை அன்று, கட்டுக்கு அடங்காத சர்க்கரையே. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் பழுதானபின் அம்மருந்து உடலில் தேங்கும் என்பதால்தான் அளவைக் குறைக்கின்றனர் அல்லது நிறுத்துகின்றனர். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர்.

அதுபோலவே, அத்தைக்குப் போக்கு மடையைத் திறந்துவிட்ட அதே வகை மாத்திரை, மற்ற நாட்களில் சிறுநீரகத்தின் நண்பன். நீரிழிவு நோயாளரின் குளோமெருலஸுக்குள் அழுத்தம் மிகும்போது, அதைக் குறைத்துப் பழுதைத் தள்ளிப்போடுகிறது. கேப்டோபிரில் என்னும் மருந்து இவ்வாறு காப்பதை 1993ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு நிறுவியது. மழைக் காலத்தில் திறந்து வைக்க வேண்டிய மடையைக் கோடையில் திறந்து வைத்ததே அத்தைக்கு வந்த வினை. மருத்துவர் சொன்ன "நேரம் சரியில்லை" என்பதன் பொருள் இதுவே.

நாம் செய்ய வேண்டியவை

1. பெயர் தெரியாத மாத்திரையை உண்ணாதீர்கள். வெட்டித் தரும் "செட்" மாத்திரையை வாங்காதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து என்று அறியுங்கள்.

2. வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் கண்டு நீர் இறங்காதபோது வலி மாத்திரையைத் தவிருங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பருகுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையையும் அந்நாட்களில் தொடரலாமா என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள். நாமாக நிறுத்துவதும் தவறு, கேளாமல் தொடர்வதும் தவறு.

3. வலி மாத்திரை சில நாட்களுக்கு மேல் தேவைப்பட்டால், வலியின் காரணத்தைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

4. எந்த நோய்க்குச் சென்றாலும், முன்பு உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளோரும் முதியோரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் குருதியில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் சோதித்துக்கொள்வது நன்று. இரண்டும் எளிய சோதனைகளே.

முடிவுரை

அத்தை பிழைத்துவிட்டார். வலி மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழியாக நீர் ஏற்றியதில் நான்காம் நாள் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. மூன்று வாரம் கழித்துக் கிரியேட்டினின் 1.4-க்கு இறங்கியது. அதற்குக் கீழே இன்னும் இறங்கவில்லை. போனது கொஞ்சம் போனதுதான் என்றார் மருத்துவர். இன்று அத்தை முழங்காலுக்கு ஒத்தடமும் பயிற்சியும் செய்கிறார். வலி மிகுந்த நாளில் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போட்டுக்கொள்கிறார். வேலையை விட முடியவில்லை. வலியும் முழுதாக விடவில்லை. வலி மாத்திரை அவருக்கு ஆடம்பரம் அல்ல, அன்றைய கூலி என்பதை அறியாமல் அறிவுரை மட்டும் சொல்வது எளிது. ஆகவே அத்தகையோரிடம் "போடாதே" என்று சொல்வதோடு நில்லாமல், வேறு என்ன செய்யலாம் என்று கேட்டறிந்து சொல்வதும் படித்தவர் கடமை.

அவர் சுருக்குப்பையில் இப்போது வெற்றிலைக்கு அருகே ஒரு சீட்டு இருக்கிறது. அவர் உண்ணும் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை நான் தமிழில் எழுதிக் கொடுத்தது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.

நண்பர்களே, நம் கல்லூரியில் படிப்போரில் பெரும்பாலோர் உழவர், தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஒரு சுருக்குப்பையோ, அலமாரித் தட்டோ, பழைய பிஸ்கட் டப்பாவோ இருக்கும். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அதைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையில் கொடுத்தனுப்புங்கள். நாம் கற்ற கல்வியால் வீட்டுக்குச் செய்யக்கூடிய கைம்மாறு இதைவிட எளியது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.